திருப்புளி வழியே கேட்டது

சென்ற மார்கழிக்கு முன்பாக, சிக்குக் கோலத்தைத் தாளில் வரைந்து தரும் எந்திரம் ஒன்றைச் செய்துவிடுவதென்று அண்ணன் தம்பி நாங்கள் இருவரும் முடிவெடுத்தோம். பேனாவை நகர்த்த இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள் ரிச்சி தெருவில் கிடைத்தன. மற்ற மோட்டார்கள் மின்சாரம் கண்டால் ஓடிக்கொண்டேயிருக்கும். இது துடிப்புக்கு ஓர் அடி வைக்கும். அடி ஒன்றுக்கு 1.8 பாகை, 200 அடிகளில் ஒரு சுற்று.

முதல் நாள் அது சுழலவேயில்லை. குளிர்காய்ச்சல்காரனைப் போல நின்ற இடத்திலேயே நடுங்கிற்று. நாங்கள் நிரலைச் சந்தேகித்து மூன்று இரவுகளை வீணாக்கினோம். பிழை ஒயரில் இருந்தது. நான்கு ஒயர்களில் எவ்விரண்டு ஒரே சுருளைச் சேர்ந்தவை என்பதை நிறத்தை நம்பியே இணைத்திருந்தோம். மோட்டாரைத் தனியே கழற்றி, இரண்டு ஒயர் முனைகளை ஒன்றாகத் தொடவைத்துத் தண்டைத் திருப்பினால், ஒரே சுருளாயின் கை இறுக்கத்தை உணரும். இல்லையேல் தண்டு இலகுவாகத் திரும்பும். மீட்டர்கூட வேண்டாம்.

அதன்பின் சுழன்றது. மெதுவாகவும் நன்றாக ஓடிற்று, விரைவாகவும் ஓடிற்று. இடைப்பட்ட ஒரு வேகத்தில் மட்டும் உறுமி, அடிகளைத் தவறவிட்டது. தவறவிட்டதை அது அறியாது என்பதுதான் இவ்வகை மோட்டாரின் துயரம். சிக்குக் கோலத்தின் இழை புறப்பட்ட புள்ளிக்கே திரும்பியாக வேண்டும். எங்கள் இழை ஒவ்வொரு முறையும் அரை விரற்கடை தள்ளி நின்றது.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில், 1960களில் எழுந்த அந்தத் தொழிற்பேட்டையின் பட்டறையொன்றில், முப்பத்தோராண்டு லேத் ஓட்டியவர். பக்கத்துக் கூடத்தில் பிரஸ் மெஷின்கள். இரைச்சல் முதலில் பறிப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளையாம். குரல் கேட்கும், சொல் விளங்காது. ஓய்வுக்குப்பின் அவர் பேச்சையே குறைத்துக்கொண்டார். நாங்கள் வாங்கித்தந்த காது மெஷின் இழுப்பறையில் கிடக்கிறது. நாங்களும், வெட்கத்தோடு சொல்கிறோம், அவரிடம் எதையும் கேட்பதை நிறுத்தியிருந்தோம்.

அன்று அவராகவே வந்தார். திருப்புளியின் நுனியை மோட்டாரின் உடலில் ஊன்றி, பிடியைக் காதோரத் தாடையில் அழுத்திக்கொண்டார். வேகத்தை ஏற்றி இறக்கச் சொன்னார்.

"ஒரு வேகத்துலதான்டா உளறுது. மேல போனாலும் சரியாவுது, கீழ வந்தாலும் சரியாவுது. இது சாட்டரு."

லேத்தில் வெட்டுளி அதிர்ந்து வேலையில் வரிவரியாய்த் தழும்பு விழுவதுண்டு. டர்னர்கள் அதைச் சாட்டர் என்பார்கள். வேகத்தை மாற்றித் தப்பிப்பார்கள். இங்கும் அதற்கு நெருங்கிய உறவுதான். ஒவ்வோர் அடியிலும் சுழலி இலக்கைத் தாண்டிச் சற்று ஊசலாடியே நிலைகொள்கிறது. அடுத்தடுத்த துடிப்புகள் அந்த ஊசலின் தாளத்தோடு ஒத்துவிட்டால் ஊஞ்சலைத் தள்ளினாற்போல ஆட்டம் பெருகும். காது இழந்தது உயர்ந்த ஒலிகளை. இந்தத் தாழ்ந்த அதிர்வு அவருடைய எலும்புக்குத் தெரிந்திருக்கிறது.

வைத்தியம் பாதி எங்களுடையது. ஏ4988 டிரைவரின் மூன்று முனைகளையும் உயர்த்தி அடியைப் பதினாறாகப் பிரித்தோம். சுற்றுக்கு 3200 நுண்ணடிகள். அளவுக்கு மீறி ஏற்றியிருந்த மின்னோட்டத்தை, எங்கள் பலகையின் 0.1 ஓம் ரெசிஸ்டருக்குரிய 0.8 வோல்ட்டில் வைத்து 1 ஆம்பியருக்கு இறக்கினோம். எடுத்த எடுப்பில் ஓடாமல் படிப்படியாக வேகங்கொள்ள நிரலில் நாலு வரி சேர்த்தோம். (மின்சாரம் இருக்கையிலேயே ஒயரைப் பிடுங்கி ஒரு டிரைவரைக் கருக்கிய கதை தனி.) மறுபாதி அப்பாவுடையது: பழைய சைக்கிள் டியூபைச் சதுரமாக வெட்டி மோட்டாருக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்தார்.

உறுமல் அடங்கிற்று. இழை மூடியது. அப்பா நம்பாமல் இன்னொரு முறை திருப்புளியைத் தாடையில் வைத்துப் பார்த்தார். பிறகு பதினோரு மணிவரை, எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பட்டறைக் கதைகளை உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது மோட்டாருக்கு ரப்பர் போதவில்லை. விடிந்ததும் பஞ்சர் கடைக்கு அவரே கிளம்பிவிட்டார்.