அடைக்கலம்

காஞ்சி மாநகர்க்குத் தெற்கே அமைந்த பழம்பதி உத்திரமேரூர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதற் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகளை இன்றும் காணலாம். குடவோலை வாயிலாக ஊரவையினரைத் தேர்ந்தெடுத்த முறையை அவை விரித்துரைக்கின்றன. ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களைப் பேணத் தோட்ட வாரியம், பொன்னை ஆராயப் பொன் வாரியம் எனப் பணிகளைப் பகுத்துக்கொண்டு, தம் ஊரைத் தாமே ஆண்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது.

அவ்வூரின் ஏரிக்கரையில், கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில், வாய் கட்டப்பட்ட கோணிப்பை ஒன்று கிடந்தது. பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த சிறுவன் ஒருவன் அதனுள்ளிருந்து எழுந்த முனகலைக் கேட்டுக் கட்டினை அவிழ்த்தான். உள்ளே ஐந்து நாய்க்குட்டிகள் இருந்தன. கண் திறந்து சில நாட்களே ஆகியிருக்கும். இரண்டு குளிரால் உயிர் நீத்திருந்தன. எஞ்சிய மூன்றையும் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு அவன் வீடு திரும்பினான்.

செய்தி பரவவே, தெருவார் கூடினர். அவர்களுள் ஒருவர் முகத்திற் சினம் மிகுந்திருந்தது. முந்திய திங்களில் அவருடைய மகளைத் தெருநாய் ஒன்று கடித்திருந்தது. “இன்று குட்டி, நாளை கூட்டம். என் மகள் இன்னும் தனியே கடைக்குச் செல்ல அஞ்சுகிறாள். இவற்றை இப்பொழுதே தீர்த்துவிடுதல் நல்லது” என்றார் அவர். “வேண்டாம் அண்ணே, பாவம்! சென்னையிலே விலங்குக் காப்பகங்கள் இருக்கின்றனவாம். அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம்” என்றார் மற்றொருவர். திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டியார் இருவரையும் நோக்கினார். “தம்பி, ஊர் ஊராக எல்லாரும் அங்கேயே கொண்டுபோய் விட்டால், அங்கே இடம் ஏது? இடம் இல்லையென்றால், அவர்கள் என்னதான் செய்வார்கள்?” என்று வினவினார். எவரும் விடை கூறவில்லை.

அம்மூதாட்டியார் வினவிய வினா, உலகின் பெருநகரங்கள் பலவும் நெடுங்காலம் எதிர்நோக்கிய வினாவேயாகும். 1860ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், மேரி டீல்பி என்னும் அம்மையார், கைவிடப்பட்ட நாய்களுக்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினார். அது பின்னாளில் பேட்டர்சி என்னும் இடத்திற்கு மாறி, இன்றும் அப்பெயராலேயே விளங்குகின்றது. அதே 1860ஆம் ஆண்டில்தான் சென்னை நகரில், தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறை தொடங்கிற்று என்பர். ஓரிடத்தில் அடைக்கலமும் மற்றோரிடத்தில் அழிவும் ஓராண்டிலேயே தோன்றியமை எண்ணத்தக்கது.

ஆயினும், அடைக்கலம் என்னும் பெயர் மட்டும் உயிரைக் காத்துவிடாது. அமெரிக்க நாட்டில் காப்பகங்கள் பல எழுந்தன. ஆனால், வந்து சேர்ந்த விலங்குகளின் தொகையோ அவற்றின் கொள்ளளவை விஞ்சியது. 1970ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்ட நாய்களும் பூனைகளும் அக்காப்பகங்களிலேயே உயிரிழந்தன என்று மதிப்பிட்டுள்ளனர். அவற்றுட் பல, நோயோ கொடுங்குணமோ இல்லாதவை. ஒரு வீடு கிடைத்திருப்பின் இனிது வாழ்ந்திருக்கக் கூடியவை.

இவ்வாறு கொல்வதனைக் ‘கருணைக் கொலை’ என்று கூறுவர். அச்சொற்றொடரைச் சற்றே ஆராய்தல் வேண்டும். தீரா நோயால் துடிக்கும் விலங்கினை, வேறு வழியின்மை கண்டு, கால்நடை மருத்துவர் நோவின்றி உறங்கச் செய்வாராயின், ஆண்டுக் கருணை உண்டு. ஓடி விளையாடும் குட்டியை, இடமில்லை என்னும் ஒரே காரணத்தாற் கொல்லுமிடத்துக் கருணை யாண்டுளது? அங்கே எஞ்சி நிற்பது கொலை ஒன்றே; கருணை என்பது அதன்மேற் போர்த்திய போர்வையாகும்.

நம் நாட்டிற்கு மீள்வோம். 1959ஆம் ஆண்டில், பெருமழையால் சென்னைத் தியாகராய நகரின் தெருக்களில் வெள்ளம் பெருகியபொழுது, அதிற் சிக்கித் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளைக் கேப்டன் சுந்தரம் என்னும் விமானி கண்டார். அவற்றை மீட்டுத் தம் இல்லத்திற்குக் கொண்டு சென்றார். அந்நிகழ்ச்சியே ‘புளூ கிராஸ்’ என்னும் விலங்கு நலச் சங்கம் தோன்றுவதற்கு வித்தாயிற்று. அவர்தம் மைந்தர் சின்னி கிருஷ்ணா, 1964ஆம் ஆண்டு முதல், நாய்களைக் கொல்வதற்கு மாறாக அவற்றின் இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று மாநகராட்சியினரை வற்புறுத்தி வந்தார். செவிசாய்ப்பார் இலர். கொலை தொடர்ந்தது. 1996ஆம் ஆண்டளவில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்று அச்சங்கத்தார் கூறுவர். ஆயினும் சென்னைத் தெருக்களில் நாய்கள் குறைந்தபாடில்லை.

கொன்றும் குறையாமைக்குக் காரணம் யாது? நாய் கருவுற்று ஏறத்தாழ ஒன்பது வாரங்களிற் குட்டிகளை ஈனும். ஓராண்டில் இருமுறை ஈனுதலும் உண்டு. ஒரு தெருவிலுள்ள நாய்களை அகற்றிவிட்டால், அத்தெருவில் எஞ்சும் உணவை நாடி அயலிடத்து நாய்கள் வந்து குடியேறும். அவை தடுப்பூசி பெறாதவை, அத்தெருவாரை அறியாதவை. கருத்தடை அறுவை செய்து, வெறிநாய்க்கடி நோய்க்குரிய தடுப்பூசியும் இட்டு அதே தெருவில் விடப்பட்ட நாயோ, ஈனுவதுமில்லை, நோயைப் பரப்புவதுமில்லை, புதிய நாய்களை எளிதில் நுழைய விடுவதுமில்லை. ஓரிடத்து நாய்களுள் நூற்றுக்கு எழுபது தடுப்பூசி பெறுமாயின், அங்கே அந்நோய் பரவும் தொடர் அறும் என்பது மருத்துவ நூலார் துணிபு.

1996ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி இவ்வழிக்கு இசைந்தது. 2001ஆம் ஆண்டில் மத்திய அரசு இதனை நாடு முழுமைக்கும் உரிய விதியாக்கிற்று. 2023ஆம் ஆண்டில் அவ்விதிகள் புதுக்கப்பட்டன. இவ்விதிகளுக்கெல்லாம் தாய், 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமாகும். அச்சட்டம் பிறக்க மாநிலங்களவையில் முயன்றவர், நாட்டியக் கலையை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் ஆவர்.

மகளைக் கடிபெறக் கண்ட அத்தந்தையின் சினம் தகாதது என்று எவரும் கூறார். வெறிநாய்க்கடி நோய், அறிகுறி தோன்றியபின் ஏறக்குறைய எவரையும் பிழைக்க விடாத கொடுநோய். அதற்குரிய மருந்தினை ஆக்குவதற்கென்றே 1907ஆம் ஆண்டில் நீலமலையிலுள்ள குன்னூரில் பாஸ்டர் நிலையம் நிறுவப்பெற்றது. நாய் கடித்தால், உடனே அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவுதல் வேண்டும். காலந்தாழ்த்தாது அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி இட்டுக்கொள்ளுதல் வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ தடவுதல் தீங்கு. குழந்தையைக் காத்தலும் குட்டியைக் காத்தலும் ஒன்றோடொன்று பகைப்பன அல்ல. நாய்க்கு இடும் தடுப்பூசி குழந்தைக்கும் காவலாகும் அன்றோ?

2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களை, வெறிநோயுற்றவையும் மூர்க்க இயல்பினவும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடுமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. அவ்வாண்டு நவம்பர்த் திங்களில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களில் நடமாடும் நாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்குமாறும் ஆணையிட்டது. காப்பகம் வேண்டப்படுந்தோறும், மூதாட்டியாரின் வினாவும் வலிமை பெறுகின்றது. ஒரு பக்கம் நீர் நிறைய, மறுபக்கம் மதகு திறவாதிருப்பின் ஏரி உடையும். காப்பகமும் அத்தகையதே. அதற்கு வரும் வாய்க்கால் கைவிடுதல். அதனின்று செல்லும் மதகு தத்தெடுத்தல். முன்னதை அடைத்துப் பின்னதைத் திறப்பதே உயிர்களைக் காக்கும் வழியாகும்.

அமெரிக்கர் அவ்வழியையே மேற்கொண்டனர். கருத்தடையை எளிதாக்கினர்; விலைக்கு வாங்குவதினும் காப்பகத்தினின்று தத்தெடுப்பது மேல் என்று மக்களுக்கு எடுத்துரைத்தனர். ஒரு கோடிக்கு மேலிருந்த சாவு, 2019ஆம் ஆண்டளவிற் பத்து இலட்சத்திற்கும் கீழாகக் குறைந்ததென மதிப்பிட்டுள்ளனர். அதுவும் சிறிய தொகை அன்று. எனினும், மாந்தர் மனம் வைத்தால் மாற்றம் வரும் என்பதற்கு அது சான்றாகும்.

நம்மவருட் சிலர், பனிநாட்டு நாய்களைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, நம் வெயிலில் வாட விட்டுப் பின்னர்ச் சலிப்புற்றுத் தெருவில் விடுகின்றனர். தெருவிற் பிறந்த நாட்டு நாயோ நம் வெயிலுக்கும் உணவுக்கும் பழகியது. அதன் பெருமையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த அக்கல்லில், அவனருகே அவனுடைய நாயும் செதுக்கப்பெற்றுள்ளது. கோவிவன் என்னும் அதன் பெயரும், கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அதன் செயலும் அங்கே எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய நாட்டில், நாய்க்குட்டியைக் கோணிப்பையிற் கட்டி எறிதல் முறையாகுமோ?

உத்திரமேரூர்த் தெருவில் அன்று நெடுநேரம் பேச்சு நிகழ்ந்தது. இறுதியில் மூதாட்டியார், “ஒன்றை நான் வளர்க்கிறேன். எனக்கும் திண்ணையில் ஒரு துணை வேண்டும்” என்றார். அரிசி ஆலைக் காவலர் ஒருவர் மற்றொன்றைக் கேட்டார். சிறுவன் தன் தாயின் முகத்தை நோக்கினான். அவள், “உன் சோற்றிற் பாதி அதற்குத்தான், பிறகு குறை சொல்லாதே” என்றாள். அவன் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

மகளின் தந்தை மட்டும் முகம் மலரவில்லை. சிறிது நேரம் வாளா நின்றவர், “வளருங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், மூன்றிற்கும் ஊசி போடவேண்டும். உரிய காலத்தில் கருத்தடையும் செய்யவேண்டும். இவற்றின் தாய் எங்கே திரிகிறதோ, அதனையும் தேடிப் பிடிக்கவேண்டும். பேரூராட்சிக்கு எழுதும் விண்ணப்பத்தில் முதற் கையொப்பம் என்னுடையது” என்றார். அன்று அங்குக் கூறப்பட்ட சொற்களுள் சிறந்தவை அவையே. இரக்கம் மட்டும் போதாது. இரக்கத்தைப் பொறுப்பு தாங்கவேண்டும்.

ஏரிக்கு வாரியம் வகுத்தோர் வாழ்ந்த ஊரில், வாயில்லா உயிர்களுக்கும் ஒரு நெறி வகுத்தல் அரிதன்று. வளர்க்க இயலாத உயிரைப் பெருக விடாமையும், வளர்த்த உயிரைக் கைவிடாமையும், கைவிடப்பட்ட உயிருக்கு ஒரு கதவைத் திறத்தலுமே அந்நெறி. இம்மூன்றினையும் ஊரார் கைக்கொள்வராயின், இடமில்லை என்னும் சொல்லால் ஓர் உயிரும் மாயாது.