ஒன்பதாம் வசனத்தோடு நின்றவன்

பைபிளைப் படித்திருக்கிறேன் என்று பல வருடம் சொல்லித் திரிந்தேன். அது பொய். எங்கள் முஸ்லிம் விவாதக் கையேடுகளில் அச்சிட்டிருந்த வசனங்களை மட்டுமே படித்திருந்தேன். தாவீது ராஜா எடுத்த போர்வீரர் கணக்கில் இஸ்ரவேலர் 8 லட்சம், யூதா 5 லட்சம் என்கிறது 2 சாமுவேல் 24:9. 1 நாளாகமம் 21:5-இல் அது 11 லட்சம், 4,70,000. இந்த முரண்பாடு எனக்கு மனப்பாடம். உடன் வேலை பார்த்த கிறிஸ்தவ நண்பரிடம் மதியச் சாப்பாட்டின்போது, நாலு பேர் முன்னால் இதைக் கேட்டேன். அவருக்குப் பதில் தெரியவில்லை. முகம் சிறுத்துப் போயிற்று. மார்க்கத்துக்குத் தொண்டு செய்துவிட்டதாக நான் பூரித்தேன். அவரிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்த அதிகாரத்தை முழுசாகப் படித்தது வெகுகாலம் கழித்துத்தான். கணக்கெடுத்ததற்குத் தண்டனையாகக் கொள்ளைநோய் வந்து 70,000 பேர் சாகிறார்கள். 17-ஆம் வசனத்தில் தாவீது குற்றத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, ஜனங்களை விட்டுவிடும்படி மன்றாடுகிறார். பலிபீடத்துக்கான களத்தைச் சும்மா தர அதன் சொந்தக்காரர் முன்வந்தும், 50 சேக்கல் வெள்ளி கொடுத்தே வாங்குகிறார். இதே தாவீதை, குர்ஆனின் ஸாத் சூராவில் பாவமன்னிப்புத் தேடி விழுந்து வணங்கும் தாவூத் நபியாக ஓதி வளர்ந்தவன் நான். எட்டு வசனம் தள்ளி அதே நபி மன்றாடிக்கொண்டிருக்க, எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

பைபிளைப் படிக்க வேண்டாம் என்று ஹஜ்ரத்மார்கள் எச்சரிப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. உமர் (ரலி) வேதக்காரர்களின் ஏட்டைக் கொண்டுவந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) கோபித்ததாக ஹதீஸ் உண்டு. பனூ இஸ்ராயீலர் வழியாக வந்ததை அறிவிப்பதில் குற்றமில்லை என்ற ஹதீஸும் புகாரியில் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் இமாம் அல்பிகாஈ பைபிளை எடுத்தாண்டே குர்ஆனுக்குத் தஃப்சீர் எழுதினார். எதிர்ப்பு கிளம்பியதும் அது கூடும் என்று தனி நூலே எழுதி வாதாடினார். எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. தாவீது பத்சேபாளோடு தவறியதாக பைபிள் சொல்லும் சம்பவத்தை நானும் ஏற்கவில்லை. ஈமானில் ஊன்றியவர் படிக்கலாம், படிக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் படிக்காமல் ஒதுங்கியவர்கள் என்னைப்போல் யார் மனசையும் நோகடிக்கவில்லை.

இப்போது இளைஞர்கள் கேட்டால், சாமுவேலை முதல் அதிகாரத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். பவுலின் நிருபங்களுக்கு வந்தால் மட்டும் என் கண் பழையபடி பிழை தேடத் தொடங்கிவிடுகிறது. அந்தப் புத்தி என்னை விட்டு இன்னும் போகவில்லை.