நுளம்புக்குப் போட்ட புகை

நாங்கள் மூன்று பேர். ஊர் பள்ளிவாசல்துறை, கற்பிட்டிப் பக்கம். வேலைக்காகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறோம்.

போன வருசம் எங்களில் ஒருத்தி ஒன்லைனில் ஒரு கட்டுக் காய்ந்த இலை வாங்கினாள். 'சேஜ்' எண்டு பேர். பத்தவைத்து அறை மூலைகளில் காட்டினால் கெட்ட சக்தி போகுமாம். கூடவே ஒரு ஊதாக் கல். பூரணை இரவில் ஜன்னலோரம் வைக்க வேணுமாம். லண்டன், நியூயோர்க் மாதிரி நகரங்களில் எங்கள் வயதுப் பிள்ளைகள் தங்களைப் 'பேகன்' எண்டு சொல்லிக்கொண்டு ஃபிளாட்டுக்குள் இதையெல்லாம் செய்கிறார்கள். காடு வேண்டாம், கோயில் வேண்டாம், மேசையில் ஒரு மூலை போதும். அது எங்களுக்குப் பிடித்திருந்தது.

புகை போட்டு ஐந்து நிமிசம் இல்லை, கதவு தட்டுப்பட்டது. வீட்டுக்கார அன்ரி. "என்ன பிள்ளையள் பத்துது?"

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு கொழும்பில் முக்காடு போட்ட பிள்ளைகளுக்கு அறை கிடைப்பதே பெரும்பாடு. அந்த அறைக்குள்ளிருந்து புகை வந்தால்? மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம்: "நுளம்புக்கு அன்ரி."

அன்று இரவு இதெல்லாம் எங்கேயிருந்து வந்தது எண்டு தேடினோம். இலைக்கட்டு ஐரோப்பாச் சரக்கே இல்லை. வெள்ளைச் சேஜ் கலிஃபோர்னியாப் பக்கத்துப் பழங்குடி மக்களின் செடி. இன்றைய பேகன் வழிகளில் பேர்போன விக்காவை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர் எண்ட ஆங்கிலேயர். அங்கே சூனியத்துக்கு எதிரான 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இல் நீங்கியது. 1954இல் அவர் தன் புத்தகத்தை வெளியிட்டார். ஆனால் அந்த மனுசன் 1900இல், பதின்ம வயதில், வேலைக்கு வந்து இறங்கிய இடம் எது தெரியுமா? இலங்கை. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். பிறகுதான் போர்னியோ, மலாயா எல்லாம்.

கொஞ்ச நேரம் சிரித்தோம். பிறகு ஒருத்தி சொன்னாள், "உம்மம்மாவும் புகை போடுவா தானே?"

போடுவா. வியாழக்கிழமை மஃரிபுக்குப் பிறகு, எங்களுக்கு அது வெள்ளி ராவு, சிரட்டைக் கரியில் சாம்பிராணி போட்டு வீடு முழுக்கக் காட்டுவா. பிள்ளைக்குக் கண்ணூறு பட்டால் செத்தல் மிளகாய், உப்பு, தெருமண் எடுத்துத் தலையை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போடுவா. மிளகாய் கமறாவிட்டால் கண்ணூறு உண்மை. காய்ச்சலுக்குத் தண்ணி ஓதிக் குடிக்கத் தருவா. தலவில சந்த அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போகிற பக்கத்து ஊர்ச் சனமும் அவவிடம் நூல் கட்ட வந்தது எங்களுக்கு நினைவிருக்கிறது.

பிறகு ஒருநாள் எங்கள் நானா வீட்டுக்குள் நின்று சொன்னார், இதெல்லாம் ஷிர்க், இனி இந்த வீட்டில் வேண்டாம் எண்டு. அவர் படித்துவிட்டு, மனசார நம்பித்தான் சொன்னார். உம்மம்மா ஒண்டும் பேசவில்லை. சட்டியை எடுத்துக் கோடிக்குள் வைத்துவிட்டா. நாங்கள் மூன்று பேரும் அங்கேதான் நின்றோம். எங்களுக்கும் வாய் வரவில்லை. வரவில்லையா, வெட்கமாக இருந்ததா? பள்ளிக்கூடச் சிநேகிதிகள் வரும்போது அந்தச் சட்டியை ஒளித்தது நாங்களும்தான்.

அதே வேலைக்கு இப்போது காசு கொடுத்துக் கலிஃபோர்னியா இலை வாங்கியிருக்கிறோம்.

அடுத்த வெள்ளி ராவு போன் எடுத்தோம். "உம்மம்மா, சாம்பிராணி எப்படிப் போடுற?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "நானா வேணாம் எண்டாரே, புள்ள."

"நாங்க கொழும்பில தானே."

"கரி இரிக்கா அங்க?"

இல்லை. இருப்பது ஒரு கேஸ் அடுப்பு. சிரட்டைத் துண்டை அதில் நேராகப் பிடித்து, கனிந்ததும் பழைய கரண்டியில் வைக்கச் சொன்னா. "ஜன்னல திறந்து போடுங்க. கொஞ்சமாப் போடுங்க. அந்த வீட்டுக்காரம்மாட்ட முதல்ல சொல்லிட்டுப் போடுங்க, புள்ள. பொய் சொல்லிப் போட்டா அதில என்ன பரக்கத்து?"

பொய் சொன்னது அவவுக்கு எப்படித் தெரியும் எண்டு நாங்கள் கேட்கவில்லை.

இப்போது அன்ரியிடம் சொல்லிவிட்டுத்தான் போடுகிறோம். "எங்கட வீட்டிலயும் வெள்ளிக்கிழமை போடுறனாங்கள்" எண்டு அவ சொன்னா. எங்களில் ஒருத்தி இன்னும் இது சரியில்லை எண்டுதான் நினைக்கிறாள். புகை போடும் நேரம் அவள் கீழே கடைக்குப் போய் வருவாள். அவளோடு நாங்கள் சண்டை பிடிப்பதில்லை. இன்னொருத்திக்கு இது நம்பிக்கை இல்லை, உம்மம்மாவின் வாசம் மட்டும்தான். மற்றவளுக்கு எது எண்டு அவளே இன்னும் முடிவெடுக்கவில்லை.

ஊதாக் கல் ஜன்னலோரம் கிடக்கிறது. எதிரே எழும்பிய மாடிக்கட்டடத்தால் பூரணை அன்றைக்கும் நிலா தெரிவதில்லை. போயா லீவுக்கு ஊருக்குப் போனால் களப்பின் மேல் முழுசாகத் தெரியும். அடுத்த முறை போகும்போது கோடிக்குள் இருக்கிற சட்டியைக் கேட்க வேணும். நானாவின் முன்னாலேயே கேட்க வேணும்.