சாட்சிக்கு யார் வருவார்?

ஸ்பிரிங்வெளிப் பக்கம் இரண்டு பெண்கள் எதிர்வரும் தை மாதத்தில் திருமணம் செய்யத் தீர்மானித்திருக்கிறார்கள். ஒருவரையொருவர். அவர்களுடைய பெயரையோ டிவிசனையோ நான் எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் வரும். ஒருத்தி கொழுந்து எடுப்பவள். மற்றவளின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பின் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியது. யுத்தத்தில் தகப்பனும் தம்பியும் போய்விட, தாயும் மகளுமாக மலைக்குத் திரும்பினார்கள்.

"அக்கா, பெருசா ஒண்ணும் வேணாம். சாமி முன்னுக்கு மாலை மாத்தணும். அது சரியா, பிழையான்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார்கள். பிழையில்லை என்றேன். ஆனால் அந்த ஒரு சொல்லோடு அவர்களை அனுப்பிவிட முடியாது.

தமிழர் மத்தியில் இது முதல் முறையல்ல. 2022 ஆகஸ்ட் மாத இறுதியில் சென்னையில் சுபிக்ஷா சுப்ரமணி என்ற தமிழ்ப் பெண்ணும் வங்காளதேசத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட டீனா தாஸும் பிராமண முறைப்படி, உறவினர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டார்கள். இருவரும் கனடாவில் வாழ்ந்தவர்கள். டீனாவின் வீட்டார் முன்னர் இதை ஒரு வியாதியென்று நம்பினார்களாம். 19 வயதில் ஓர் ஆணுக்கு மணமுடித்து வைத்தார்களாம். எமது லயங்களிலும் இந்த மருந்துதான் கொடுக்கிறார்கள். அதனால் அவள் குணமாவதில்லை. ஒன்றுமறியாத ஓர் ஆணும் சேர்ந்து கசப்பைக் குடிக்கிறான், அவ்வளவுதான்.

அந்தத் திருமணத்தைப் பற்றிச் சொன்னபோது, "அவங்களுக்குக் காசு இருக்கு, வெளிநாடு இருக்கு" என்றாள் கொழுந்தெடுப்பவள். உண்மைதான். கனடாவில் 2005 முதல் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்தியாவில் அந்த மாலைக்குச் சட்டப் பெறுமதி இல்லை; 2023 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. ஆனால் தூத்துக்குடியில் இன்னொன்று நடந்தது. 2018 ஒக்டோபரில் அருண்குமார் என்பவரும் ஸ்ரீஜா என்ற திருநங்கையும் கோயிலில் மணம் முடித்தார்கள். பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று கூறிப் பதிவு செய்ய உத்தரவிட்டது. இது ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணம் என்பதால் எமது பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும், சாமி முன்னால் முடிந்த காரியம் கந்தோர் வாசலில்தான் தடைப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

சாமி விடயத்தில் எனக்குப் பயமில்லை. எமது முன்னோர் தோட்டத்துக்கு வந்தபோது கோபுரமும் குருக்களும் கூட வரவில்லை. மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசிக் கும்பிட்டார்கள். ஆலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி, கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துச்சாமி என்று வேலைக்கே ஒரு தெய்வத்தை வைத்துக்கொண்டார்கள். அந்தக் கற்களுக்கு முன்னால் தாலி கட்டிக்கொண்ட எமது பாட்டிமார் எத்தனையோ பேரிடம் பதிவுத் துண்டு இருக்கவில்லை. இவர்கள் இருவரும் தேர்ந்தெடுத்திருப்பதும் அப்படியொரு கல்லைத்தான். வெள்ளிக்கிழமை விடியற்காலை, பிரட்டுக்கு முன்னர். இரண்டு மாலை, வெற்றிலை பாக்கு, கற்பூரம், சர்க்கரைப் பொங்கல், ஒரே ஒரு தேங்காய். (இன்றைய விலையில் ஒன்று போதும்.) தாலி வேண்டாம் என்று இருவரும் சொன்னார்கள். யார் யாருக்குக் கட்டுவது என்பது ஒரு கேள்வி. தாயின் கழுத்திலிருந்து அது இறங்கிய நாளைப் பார்த்தவள் அவள் என்பது இன்னொன்று. உங்களில் பலருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பயம் சட்டத்தில் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு முன்னர் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995 இல் திருத்தியபோது பெண்களையும் அதற்குள் சேர்த்துவிட்டார்கள். பெண்களுக்குச் சமத்துவம் கிடைத்த விதத்தைப் பாருங்கள்! அதை மாற்றக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதத்தில் எமது உயர் நீதிமன்றம் கூறியது. ஆயினும் அது சட்டமாகவில்லை. மாலை மாற்றுவது குற்றமாகாது. ஆனால் அந்தப் பிரிவைக் காட்டி மிரட்டலாம், காசு பறிக்கலாம். பெயர் எழுதாமல் விட்டது அதனால்தான்.

பதிவு கிடைக்காது என்பதால் வேறு கடதாசிகளைத் தேடினோம். விவாகப் பதிவை இடம்பெயர்வில் தொலைத்துவிட்டு நட்டஈட்டுக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்த சகோதரிகளுக்கு இதன் அருமை தெரியும். வங்கிக் கணக்குக்குப் பின்னுரித்தாளராக ஒருத்தி மற்றவளின் பெயரைக் கொடுக்கலாம். உறவு முறை தேவையில்லை. மரண சாசனம் எழுதலாம். தன் சொத்தை விரும்பியவருக்கு எழுதிவைக்கும் உரிமை இந்நாட்டில் 1844 முதல் சட்டத்தில் இருக்கிறது. நொத்தாரிசு முன்னால் என்றால் இரண்டு சாட்சிகள். நொத்தாரிசு இல்லாமலென்றால் ஐந்து சாட்சிகள் ஒன்றாக நின்று கையெழுத்திட வேண்டும். இருவரிடமும் இருப்பது சேமிப்புப் புத்தகமும் ஒரு சோடித் தோடும் ஒரு பசுவும்தான். பசுவுக்கும் சாசனமா என்று சிரித்தார்கள். ஒருத்தி கண்ணை மூடினால் அடுத்த நாளே அந்தப் பசுவை அவிழ்த்துக்கொண்டு போக அண்ணன்மார் வருவார்கள் என்றேன். சிரிப்பு நின்றது.

தாய் இன்னும் சம்மதிக்கவில்லை. 2009 இல் செட்டிக்குளம் முகாமில் கணவனை இழந்த இன்னொரு பெண்ணோடு ஒரே கூடாரத்தில் இருந்து, ஒரே பானையில் சமைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர் அவர். "அந்த அக்கா இல்லாட்டி நான் இல்ல" என்று இன்றும் சொல்வார். அதை நினைவுபடுத்தினேன். "அது வேற, பிள்ளை" என்றார். வேறுதான். நான் வாதாடவில்லை. மகள் தனியாக இருக்க மாட்டாள் என்று மட்டும் சொன்னேன். "அந்தப் பிள்ளை ராவைக்குச் சாப்பிட்டாளா?" என்று மகளிடம் கேட்கிறார், பெயரைச் சொல்வதில்லை.

நொத்தாரிசு கந்தோருக்குப் போக இருவருக்கும் விருப்பமில்லை. பதுளையில் ஒரு காதுக்குப் போனால் பத்துக் காதுக்குப் போகும். ஆகவே ஐந்து சாட்சிகள். என்னையும் சேர்த்து நான்கு பேர் கிடைத்திருக்கிறோம். தைக்கு முன் இன்னும் ஒருவர் வேண்டும்.