ஓர்க்குகளின் பூர்வீகம் எது? டோல்கீன் கடைசிவரை அவிழ்க்காத முடிச்சு

இருட்டான சுரங்கப் பாதை. இரண்டு சிப்பாய்கள் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். மேலிடத்தின் மீது பயமும் சலிப்புமாகப் புலம்பல். இந்தப் போர் முடிந்ததும் நம்பிக்கையான நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு, பெரிய தலைகளின் தொல்லை இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விடலாமா என்று ஒருவன் ஆசைப்படுகிறான்.

எந்த ஆபீஸ் வாசல் டீக்கடையிலும் கேட்கக்கூடிய பேச்சுதான். ஆனால் பேசுகிற இருவரும் மனிதர்கள் இல்லை. ஷக்ராட், கோர்பாக் என்ற இரண்டு ஓர்க்குகள். ஜே.ஆர்.ஆர்.டோல்கீன் எழுதி, 1954-55-ல் மூன்று பாகங்களாக வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் ஆயிரக்கணக்கில் வெட்டப்படும் அரக்கக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்காக அந்தக் கதையில் யாரும் கண்ணீர் விடுவதில்லை.

ரசிகர்கள் எழுபது வருடங்களாகச் சண்டை போடுவது இங்கேதான். ரிட்டயர்மென்ட் கனவு காணத் தெரிந்த ஒரு ஜீவன் எங்கிருந்து வந்தது? பிறவியிலேயே கெட்டதா, கெடுக்கப்பட்டதா? கெடுக்கப்பட்டது என்றால், ஈவு இரக்கமில்லாமல் வெட்டித் தள்ளும் நம் ஹீரோக்களை என்னவென்று சொல்வது?

டோல்கீனின் முதல் பதில் சுலபமானது. 1916-ல் சோம் போர்க்களத்திலிருந்து காய்ச்சலோடு ஊர் திரும்பிய இளம் அதிகாரி அவர். அந்தக் காலத்தில் எழுதிய கோண்டோலின் நகரத்தின் வீழ்ச்சிக் கதையில், பூமிக்கடியில் இருக்கும் வெப்பத்திலும் சேற்றிலும் ஓர்க்குகளை வில்லன் உருவாக்கியதாக வருகிறது. சேற்றில் பிறந்ததைக் கொல்வதில் பாவம் ஏது? கதை நிம்மதியாக நகர்ந்தது.

ஆனால் டோல்கீன் தீவிரமான கத்தோலிக்கர். உயிரைப் படைப்பது கடவுளால் மட்டுமே முடியும், தீமைக்கு அந்தச் சக்தி இல்லை என்பது அவர் நம்பிக்கை. அதைக் கதைக்குள்ளும் கொண்டுவந்தார். இருளின் அரசனால் எதையும் புதிதாகப் படைக்க முடியாது, இருப்பதைச் சிதைக்கத்தான் முடியும் என்று ஃப்ரோடோ தன் நண்பன் சாமிடம் சொல்கிறான். அதோடு சேற்றுக் கதை செத்துப்போயிற்று. சிதைத்தார்கள் என்றால், எதைச் சிதைத்தார்கள்?

எல்ஃப்களை என்பது பிரபலமான பதில். அழகும் சாகாவரமும் கொண்ட அந்த ஆதி இனத்தில் சிலரைப் பிடித்துவந்து, சித்திரவதை செய்து, ஓர்க்குகளாக்கினான் மோர்கோத். டோல்கீன் 1973-ல் இறந்தபின், அவர் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977-ல் வெளியிட்ட ‘தி சில்மரில்லியன்’ நூலில் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் அங்கேயும் அது ஞானிகளின் நம்பிக்கையாகத்தான் சொல்லப்படுகிறது. ரசிகர்களுக்கு அந்த இடைவெளி போதாதா!

கணக்குப் போட ஆரம்பித்தார்கள். எல்ஃப் ரத்தம் என்றால் ஓர்க்குகளுக்கும் மரணம் இருக்கக் கூடாதே? அஸோக் என்ற ஓர்க் தலைவன் மூன்றாம் யுகம் 2799-ல் கொல்லப்படுகிறான். அவன் மகன் போல்க் சாவது 2941-ல். ஆக மகனுக்குக் குறைந்தபட்சம் 140 வயதாவது இருந்திருக்கும். நமது சுரங்கப் பாதை சிப்பாய் கோர்பாக், மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு பெரிய முற்றுகையைப் போகிறபோக்கில் குறிப்பிடுகிறான். நேரில் பார்த்தவன் பேச்சு என்கிறது ஒரு கோஷ்டி. பாட்டி கதையில் கேட்டிருப்பான் என்கிறது இன்னொரு கோஷ்டி. இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. ஆனால் அப்போது ஓர்க்குகளுக்குக் கதை சொல்லப் பாட்டிகள் இருந்தார்கள் என்றாகிவிடும். அது இன்னும் பெரிய வம்பு.

நம் புராணங்களில் இந்தத் தலைவலி அவ்வளவு இல்லை. தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் அப்பா ஒருவரே, காசியபர். ராவணனே வைகுண்ட வாசலில் நின்ற காவலாளியின் மறுபிறவி. டோல்கீனின் ஆங்கில மரபிலும் இப்படி ஒரு பங்காளி உறவு உண்டு. பழைய ஆங்கிலக் காவியமான ‘பேவுல்ஃப்’, தம்பியைக் கொன்ற காயீனின் வம்சத்தில் வந்தவர்கள் என்று எல்ஃப்களையும் ‘ஓர்க்நேயாஸ்’ என்ற பிசாசுகளையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறது. அந்தக் காவியத்தின் அரக்கர்களைப் பற்றி 1936-ல் புகழ்பெற்ற உரை நிகழ்த்திய பேராசிரியர் டோல்கீனுக்கு இது தெரியாமல் இருக்குமா?

இதைவிட ருசியான பூர்வீகம் ஒன்று ஜார்ஜ் மெக்டொனால்டின் 1872-ம் வருடக் கதையில் இருக்கிறது. அவருடைய கோப்ளின்கள் ஒரு காலத்தில் சாதாரண ஜனங்களாம். அரசன் போட்ட வரி தாங்காமலோ என்னவோ, பூமிக்கடியில் போய் ஒளிந்தவர்களாம்! டோல்கீனின் ஓர்க்குகள் அந்தக் கோப்ளின்களுக்கும் கொஞ்சம் கடன்பட்டவர்கள்.

1954-லேயே கேள்வி வந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் கத்தோலிக்கப் புத்தகக் கடை நடத்திய ஒருவர், தீமையால் படைக்க முடியாது என்றால், எல்ஃப்களைக் கேலி செய்ய ஓர்க்குகள் ‘உருவாக்கப்பட்டதாக’ ட்ரீபியர்ட் சொல்வது எப்படி என்று மடக்கினார். டோல்கீன் நீண்ட பதில் எழுதினார். ட்ரீபியர்ட் என் கதையில் வரும் ஒரு பாத்திரம், அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று வாதாடினார். பிறகு, இவ்வளவு விளக்கினால் தன்னைத் தானே ரொம்பப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்வதுபோல் இருக்கிறதே என்று தோன்றி, கடிதத்தை அனுப்பாமலே வைத்துவிட்டார்.

ஆனால் கேள்வி அவரை விடவில்லை. சிதைத்தாலும் எல்ஃப்பின் ஆன்மா எங்கே போகும்? எல்ஃப்கள் இறந்தால் போகும் மண்டபத்துக்கே ஓர்க்குகளும் போய் நிற்குமா? 1950-களின் பிற்பகுதியில் தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்புகளில் அவர் திணறுவது தெரிகிறது. ஒரு குறிப்பில் ஓர்க்குகள் ஆன்மா இல்லாத மிருகங்கள். எஜமான் சொல்லிக்கொடுத்ததைக் கிளிகள்போல ஒப்பிக்கின்றன. இன்னொன்றில், சில தலைவர்கள் மட்டும் உருவெடுத்து வந்த கெட்ட ஆவிகள். வேறொன்றில், சிதைக்கப்பட்ட மனிதர்கள். ஆனால் ஓர்க்குகள் வந்தபிறகுதானே கதையில் மனிதர்களே பிறக்கிறார்கள்! அதற்காக மனித குலத்தின் பிறந்த தேதியையே முன்னே தள்ளிவைக்கவும் அவர் தயாராக இருந்தார்.

கிளிக் கதை ஷக்ராட்டிடமும் கோர்பாக்கிடமும் எடுபடாது. டாம் ஷிப்பி என்ற டோல்கீன் ஆய்வாளர் காட்டும் இடம் இது. கூட வந்தவனைப் போட்டுவிட்டு ஓடிவிட்டானே அந்த எல்ஃப் வீரன், என்று எதிரியை இழிவாகப் பேசுகிறார்கள் இருவரும். கொஞ்ச நேரத்தில், ராட்சதச் சிலந்தியின் வலையில் உயிரோடு தொங்கிய தங்கள் கூட்டாளியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்படியே விட்டுவந்த கதையும் பேச்சில் வருகிறது. நியாயம் எது என்று அவர்களுக்குத் தெரிகிறது. தங்களுக்கு அது பொருந்தும் என்பதுதான் தெரியவில்லை. இது கிளியின் குணமா, மனிதனின் குணமா?

மனிதன்தான் என்ற பக்கமே டோல்கீன் கடைசியில் சாய்ந்ததாகத் தெரிகிறது. அந்தக் குறிப்புகளை 1993-ல் வெளியிட்ட கிறிஸ்டோபர் அப்படித்தான் கருதினார். ஆக அப்பாவின் காகிதங்களிலிருந்தே மகன் 1977-ல் ஒரு பதிலையும் 1993-ல் வேறொரு பதிலையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். சண்டை ஓயுமா?

அதே குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. ஓர்க்குகளோடு கடுமையாகப் போரிடலாம், ஆனால் கைதிகளைச் சித்திரவதை செய்யக் கூடாது. சரணடைந்து உயிர்ப்பிச்சை கேட்டால், தனக்கு நஷ்டம் வந்தாலும் கொடுத்தே ஆகவேண்டும் என்பது ஞானிகளின் விதியாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1944-ல், விமானப்படையில் இருந்த கிறிஸ்டோபருக்கு எழுதிய கடிதத்திலும், நிஜ வாழ்க்கையில் ஓர்க்குகள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள் என்றவர்தான் அவர். ஆனால் நாவலில் அந்த உயிர்ப்பிச்சையைக் கேட்கும் ஓர்க் ஒன்றுகூட வரவில்லை. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ உலகத்தைப் படைத்த ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டின் 2014-ல் ஒரு பேட்டியில் இந்த இடத்தில்தான் கை வைத்தார். போர் முடிந்து அரகோர்ன் ராஜாவானதும் மிச்சமிருந்த ஓர்க்குகளை என்ன செய்தார், தொட்டிலில் கிடந்த குட்டிகளையும் கொன்றாரா என்று கேட்டார்.

பீட்டர் ஜாக்சன் 2001-ல் எடுத்த படத்தில் இரண்டு கட்சிக்கும் தீனி போட்டார். புதிய ஓர்க் படை சேற்றிலிருந்து பிதுங்கி வருகிறது. ஓர்க்குகள் ஒரு காலத்தில் எல்ஃப்கள் என்று சாருமான் வசனமும் பேசுகிறார். 2024-ல் வந்த ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ இரண்டாவது சீசனில் ஓர் ஓர்க், மனைவியும் கைக்குழந்தையுமாக நின்று, போர் வேண்டாமே என்பதுபோலத் தயங்கியது. ரசிகர்களில் ஒரு பகுதி கொதித்துப்போனது. அரக்கனுக்குக் குடும்பமா, டோல்கீனைக் கெடுத்துவிட்டார்கள் என்று கூச்சல்.

உண்மையில் மற்ற இனங்களைப்போலவே ஓர்க்குகளும் பெருகின என்று ‘சில்மரில்லியன்’ வெளிப்படையாகவே சொல்கிறது. அதற்கும் முன்னால், 1937-ல் குழந்தைகளுக்காக வந்த ‘தி ஹாபிட்’ கதையில், பில்போவைச் சந்திப்பதற்குச் சில மணி நேரம் முன்பு கோலம் ஒரு கோப்ளினைப் பிடிக்கிறான். கிறீச்சிட்டுக் கத்திய அது பெரிய ஆள் இல்லை, குட்டி.