மூடிய குறிப்பேடு

அரையாண்டுத் தேர்வின் கணக்கு விடைத்தாள் கைக்கு வந்தபோது அந்தப் பத்தாம் வகுப்பு மாணவி அழவில்லை, திகைத்து நின்றாள். நூற்றுக்கு 31. தேர்ச்சிக்கு வேண்டியது 35. தேர்வுக்கு முந்தைய பத்து நாளும் இரவு பதினொரு மணி வரை விழித்திருந்தவள் அவள். வகுப்பில் எழுதிய தீர்வுகள் அடங்கிய குறிப்பேட்டை முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை மூன்று முறை படித்திருந்தாள். ஒவ்வொரு வரியும் புரிந்தது. "எல்லாம் தெரிந்த கணக்குதானம்மா, எழுதும்போது மட்டும் வரவில்லை" என்று அன்று மாலை தாயிடம் முறையிட்டாள்.

தாய் தையல் தொழிலாளி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவர் விடைத்தாளைப் பார்க்கவில்லை. வெட்டுவதற்காக விரித்திருந்த ரவிக்கைத் துணியை மகள் பக்கம் நகர்த்தினார். "ஏழு வருடமாக நான் வெட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறாய். இதை நீ வெட்டு, பார்ப்போம்" என்றார். கத்தரிக்கோலை எடுத்த கை துணியின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. பிறர் வீட்டுத் துணி அது. கழுத்தளவை எங்கிருந்து குறிப்பது என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கணக்குத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளில் பலர் இடறுவது இவ்விடத்தில்தான். தீர்வைப் படிக்கும்போது அடுத்த வரி கண்முன்னே இருக்கிறது. அதற்குத் தலையசைப்பதே மனத்தின் வேலையாகிறது. தலையசைத்ததை எல்லாம் தெரிந்ததாக அது வரவு வைத்துக்கொள்கிறது. ரோடிகர், கார்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குச் சான்று. அவர்கள் கொடுத்தவை கணக்குகள் அல்ல, உரைநடைப் பகுதிகள். திரும்பத் திரும்பப் படித்த மாணவர், ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினர். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, பகுதியை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினர். தேர்வு, படித்து முடித்த ஐந்தாவது நிமிடத்தில் வருவதில்லை.

மறுநாள் கணக்காசிரியை அவளை அழைத்து வடிவொத்த முக்கோணம் ஒன்றை வரையச் சொன்னார். வடிவியலுக்கு 8, வரைபடத்திற்கு 8 என 16 மதிப்பெண் இப்பகுதிக்கு உண்டு. PQR என்னும் முக்கோணத்தை வரைந்து, அதன் பக்கங்களில் ஐந்தில் மூன்று பங்கு அளவுள்ள வேறொன்றை வரைய வேண்டும். அவள் தயங்காமல் வரைந்தாள். Q-இலிருந்து ஒரு கதிர். அதில் சம இடைவெளியில் ஐந்து புள்ளிகள். ஐந்தாம் புள்ளியையும் R-ஐயும் இணைத்து, மூன்றாம் புள்ளி வழியே அதற்கு இணைகோடு. சரியாக வந்தது. பங்கினை மூன்றில் ஏழு என்று ஆசிரியை மாற்றினார். ஏழு புள்ளிகளை வைத்தவள், பழக்கத்தின்படி கடைசிப் புள்ளியை R-உடன் இணைத்தாள். பெரிதாக வேண்டிய முக்கோணம் சிறிதாகிவிட்டது.

"ஏன் கடைசிப் புள்ளியை இணைத்தாய்?"

"அப்படித்தான் டீச்சர் நோட்டில் இருக்கிறது."

இரண்டு கணக்கிலும் R-உடன் சேர வேண்டியது பின்னத்தின் பகுதி எண்ணே. QR என்னும் பக்கத்தை அத்தனை சமக்கூறுகளாக்குவதற்கே அக்கதிர் வரையப்படுகிறது. முதற்கணக்கில் அது ஐந்து, இரண்டாவதில் மூன்று. காரணம் தெரிந்தவருக்கு இவை ஒரே கணக்கு. படிகளை மனனம் செய்தவருக்கு இரண்டு. அதை ஆசிரியை சொல்லிவிடவில்லை. "எந்தப் புள்ளி என்று நாளைக்கு வந்து சொல்லம்மா" என்று குறிப்பேட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். தேர்வுக்கு இரு மாதங்களே இருக்கையில் இதனைக் கடுமை எனக் கருதும் பெற்றோர் உண்டு. கடுமைதான்.

விளக்கம் குறைந்த நூலே ஒருவரை ஆழப் பயிற்றுவித்த வரலாறும் உண்டு. கணிதத் தேர்வுக்கு மாணவர்களைப் பயிற்றுவித்து வந்த ஜி. எஸ். கார் என்னும் ஆங்கிலேயர், ஆயிரக்கணக்கான முடிவுகளைத் தொகுத்து ஒரு நூலாக்கினார். நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் மிகச் சுருக்கம். 1903ஆம் ஆண்டளவில் அந்நூல் கும்பகோணத்தில் பள்ளி மாணவராயிருந்த இராமானுசன் கைக்கு வந்தது. விடுபட்டவற்றை அவரே தேடினார். தாள் விலை மிகுதி. சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து மீண்டும் எழுதினார். (அவரைச் சான்று காட்டிப் பிற பாடங்களைக் கைவிடுதல் வேண்டா. அதனால் அவர் கல்லூரி உதவித்தொகையையே இழந்தார்.)

அன்றிரவு மாணவி வெற்றுத் தாளில் கதிர் வரைந்தாள், அழித்தாள், மறுபடியும் வரைந்தாள். பத்தரை மணிக்கு, சிறிதும் பெரிதுமாக இரு முக்கோணங்கள் பிழையின்றி வந்தன. ஒரே ஒரு கணக்குக்கு ஓர் இரவு முழுவதும் போயிற்றே என்று அவள் அஞ்சினாள். அதன்பின் நாள்தோறும் விடைத்தாளில் தவறிய கணக்கு ஒன்றையும் வேறு பாடப்பகுதியிலிருந்து ஒன்றையும், குறிப்பேட்டைத் திறக்காமல் போடலானாள். சில நாள்கள் இரண்டுமே வரவில்லை. வராதவற்றின் எண்களைச் சுவர் நாள்காட்டியில் குறித்து வைத்தாள். தைத்துக்கொண்டே தாய் அவ்வப்போது அந்த எண்களைப் பார்ப்பார், எதுவும் கேட்கமாட்டார்.

பிப்ரவரித் திருப்புதல் தேர்வில் நான்கில் ஒன்பது என்னும் பங்கு வந்தது. அந்தப் பின்னத்தை அவள் எங்கும் போட்டுப் பார்த்ததில்லை. கதிரில் ஒன்பது புள்ளிகளை வைத்தாள். சற்று நேரம் பென்சிலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பிறகு நான்காம் புள்ளியில் அடிகோலின் விளிம்பை வைத்து, மறுமுனையை R-இல் பொருத்தினாள்.