ஆறிய மெஷினைத்தான் பார்க்க வேண்டும்

மாடு பிடிக்கப் போகிற விவசாயி ஏமாறுவது அபூர்வம். பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், மூன்று வேளை கறந்து பார்க்காமல் முன்பணம் தரமாட்டார். அதே விவசாயி பழைய மெஷின் வாங்கப் போனால், ஒரு இழுப்பில் ஸ்டார்ட் ஆகிற சத்தத்தைக் கேட்டதுமே தலையாட்டி விடுகிறார். கெடாரைச் சேர்ந்த அந்தச் சவுக்கு விவசாயியும் அப்படித் தலையாட்டுகிற நேரத்தில்தான் மெக்கானிக் தடுத்தார்.

அவருக்கு ஒன்றரை ஏக்கர். அதில் முக்கால் ஏக்கர் சவுக்கு, வரப்போரம் வேம்பும் தென்னையும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது சவுக்கில் பாதி சாய்ந்துவிட்டது. கோடரியோடு வர ஆள் கிடைக்கவில்லை. வாடகை ரம்பம் வரப் பல நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. மிச்சமிருந்த சவுக்கு இப்போது வெட்டுக்கு வந்திருக்கிறது. சொந்தமாக ஒரு செயின்சா இருந்தால் தேவலை என்று நினைத்தார்.

கண்டாச்சிபுரம் பக்கத்தில் இருக்கும் மச்சான், புயலுக்குப் பிறகு வாங்கி ஓட்டிய ரம்பத்தை விற்கப் போவதாகச் சொன்னார். விலை 9,000 ரூபாய். மனைவி மகளிர் குழுவில் கடன் எடுத்தார். உறவுக்காரர் பொருள், குறை சொல்ல நாக்கு வராது. அதனால் விழுப்புரத்திலிருந்து பழக்கமான மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மூவருமாகப் போனார்கள்.

திண்ணையில் துடைத்து வைத்திருந்த ரம்பம் ஒரே இழுப்பில் உறுமியது. "பாத்தீங்களா மாமா, தங்கம்!" என்றார் மச்சான். மெக்கானிக் அதை நிறுத்தச் சொன்னார்.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிட்டீங்களாண்ணா?"

"சும்மா ரெண்டு நிமிசம்..."

"அப்ப ஒரு டீ குடிச்சிட்டுப் பாக்கலாம். ஆறட்டும்."

சூடான இன்ஜின் தன் குறையை மறைக்கும். தேய்ந்த இன்ஜினின் சிரமம் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும். ஒரு மணி நேரம் கழித்து இழுத்தபோது ரம்பம் ஏழாவது இழுப்பில்தான் எழுந்தது. மச்சான் வேலியைப் பார்த்தபடி நின்றார்.

மெக்கானிக் சுவிட்சை அணைத்து, ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து ரம்பத்தைத் தொங்கவிட்டார். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் ரம்பம் தன் எடைக்கே சட்டென்று இறங்காது, நின்று நின்று இறங்கும். இது கொஞ்சம் வேகமாகவே இறங்கியது. பிறகு சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துக் காட்டினார். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய கீறல்கள் தெரிந்தன.

இந்தக் கீறலுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். எங்காவது காற்று கசிந்து பெட்ரோல் குறைவாகப் போயிருக்கலாம், அல்லது ஆயில் போதாமல் ஓடியிருக்கலாம். மெக்கானிக் சைலன்சரை மறுபடி மாட்டி ரேஸ் கொடுத்துக் கையை எடுத்தார். சத்தம் உடனே இறங்கியது. காற்று கசிந்தால் அப்படி இறங்காது, கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும்.

"ஆயில் எப்படிண்ணா கலப்பீங்க?"

"கண்ணளவுலதான்."

இவ்வகை ரம்பத்துக்குத் தனியாக இன்ஜின் ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கு வழவழப்பு. பல கம்பெனிகள் சொல்லும் 50க்கு 1 என்ற கணக்கில், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. சில மெஷின்களுக்கு அதற்கு மேலும் வேண்டும், கையேட்டில் போட்டிருக்கும். கண்ணளவு சாம்பாருக்குச் சரி, பிஸ்டனுக்கு ஆகாது. கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் தொட்டியில் விடுவதும் கெடுதல். இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும்.

ரம்பத்தின் நுனியை ஒரு வெட்டிய அடிக்கட்டைக்கு நேரே பிடித்து ரேஸ் கொடுத்தார். கட்டையில் எண்ணெய்க் கோடு விழுந்தது. செயினுக்கு ஆயில் போகிறது, அது நல்லது. ஆனால் செயின் ஓடும் பட்டையின் விளிம்பு தேய்ந்து, பள்ளத்தில் செயின் இப்படியும் அப்படியும் சாய்ந்தது. அந்தப் பட்டையில் எவ்வளவு அரம் போட்டாலும் வெட்டு கோணலாகத்தான் போகும். செயினை இழுக்கும் பல்சக்கரமும் குழி விழுந்திருந்தது.

"இதெல்லாம் காசு செலவு பண்ணா சரியாயிடும்ணே," என்றார் மெக்கானிக் கெடார்க்காரரிடம். "இதைப் பாருங்க."

ரேஸ் கொடுக்காமல் ஸ்லோவில் விட்டிருந்த ரம்பத்தில் செயின் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்லோவில் செயின் அசையவே கூடாது. திருகைக் குறைத்துப் பார்த்தார், இன்ஜின் அணையும்வரை செயின் நிற்கவில்லை. கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அடுத்தது, முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்க வேண்டிய கைக்காப்பு இல்லை.

"மரம் விழுந்து ஒடஞ்சிடுச்சு. அது வெறும் பிளாஸ்டிக்தானே?" என்றார் மச்சான்.

அதுதான் செயின் பிரேக்கின் நெம்புகோல். பட்டை நுனியின் மேல்பாகம் மரத்திலோ கிளையிலோ பட்டால், ரம்பம் ஆளை நோக்கித் துள்ளும். யோசிக்க நேரம் இருக்காது. துள்ளும்போது அந்தக் காப்பு முன்னால் தள்ளப்பட்டுச் செயினைக் கண நேரத்தில் நிறுத்தும். அது இல்லாவிட்டால் ஓடுகிற செயின் முகத்துக்கோ காலுக்கோ வரும்.

மச்சான் சற்று நேரம் பேசவில்லை. பிறகு லுங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கினார். தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் தழும்பு. "போன வருசம். வேலியில விழுந்துட்டேன்னு சொன்னேன்," என்றார் அக்காவைப் பார்க்காமல்.

அக்கா தழும்பைத் தொட்டுப் பார்த்தார். கோபப்படவில்லை. பணம் இருந்த பையை மட்டும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார். "இதை இப்படியே நாங்க வாங்கிட்டுப் போனா, அடுத்த தழும்பு எங்க வீட்டுலடா," என்றார். "நீயும் இதை இனி எடுக்காத."

அதன் பிறகு விலை பேசியது அவர்தான். கைக்காப்பு, கிளட்ச் ஸ்பிரிங், பல்சக்கரம், பட்டை, செயின் எல்லாம் மாற்ற 4,300 ரூபாய் ஆகும் என்றார் மெக்கானிக். பிஸ்டன் எப்போது வேண்டுமானாலும் செலவு வைக்கலாம். கேட்ட விலையில் 4,300 கழித்தால் 4,700. பிஸ்டனுக்காக இன்னும் 1,700 கழித்தார். தம்பிக்கு 3,000. அதுவும் இன்று கிடையாது, பிரேக் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கிற அன்றைக்கு. மச்சான் ஒத்துக்கொண்டார். ரம்பம் மெக்கானிக்கின் வண்டியில் விழுப்புரம் போனது.

பதினைந்து நாள் கழித்து பட்டறைக்கு மூவரும் வந்தார்கள். முதலில் மச்சான்தான் மெஷினைத் தொட்டு, ஆறியிருக்கிறது என்றார். மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. ஸ்லோவில் செயின் அசையவில்லை. மெக்கானிக் ரேஸ் கொடுத்து, கைப்பிடியை விடாமல் இடது மணிக்கட்டால் காப்பை முன்னால் தள்ளினார். செயின் சட்டென்று நின்றது. அக்கா பையைத் திறந்தார்.

மெக்கானிக்குக்கு 4,300, தம்பிக்கு 3,000. குழுவில் எடுத்த 9,000த்தில் மீதி 1,700 இருந்தது. அதைத் திருப்பிக் கட்டிவிடலாம் என்றார் கணவர். மனைவி கேட்கவில்லை. கெடாருக்குத் திரும்பும் வழியில் கடையில் இறங்கி, முகத்துக்கு வலை வைத்த ஹெல்மெட், காதடைப்பு, கம்பூட்ஸ் மூன்றையும் வாங்கினார். வெட்டு ஆரம்பித்த அன்று காலை, அவற்றைப் போட்டுக்கொண்ட பிறகுதான் கணவர் கையில் ரம்பத்தைக் கொடுத்தார்.